காருக்கு முன்னால் நடப்பவர்கள்

“அப்பா, நம்ம காருக்கு முன்னாடி நடக்கறவங்க ஒருத்தர்கூட திரும்பிப் பாக்கறதில்லையே, அவங்களுக்குப் பயமா இருக்காதா?”

துளசி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்த திறந்த காரின் முன்சீட்டில், அப்பா கைலாசத்துக்கும் டிரைவர் ராமராஜனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. காருக்கு முன்னால் தவிலும் நாதஸ்வரமும். இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்த பெண்கள். அத்தனை பேரும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் அவ்வளவு இரும்பு உறுமிக்கொண்டு வருகிறது என்ற நினைப்பே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

“நம்ம மேல நம்பிக்கை கண்ணு,” என்று சிரித்தார் கைலாசம். வீட்டுக்கு வந்து மனைவி அலமுவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “இத்தினி வருசமா இந்த வேல பாக்கறன். எனக்குத் தோணல பாரேன்,” என்றார்.

மகளுக்குச் சொன்ன பதிலுக்கு மேல் அவர் இன்னொரு பதிலும் வைத்திருந்தார் என்பது அலமுவுக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. அதுவும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய காருக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டர் எது வாங்கலாம் என்று தேடப்போய்த் தெரிந்தது.

கார் ஒரு பழைய ஹெரால்டு. மேல்கூரையை எடுத்துவிட்டுத் திறந்த வண்டியாக்கியது. வெண்ணெய் நிறம். காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில் பாதி மாப்பிள்ளைகள் அதில் ஏறி இறங்கியவர்கள்தான். கைலாசத்துக்குப் பிறகு வாடகைக்கு விடும் வேலையை அலமுவே பார்த்துக்கொண்டாள். பகலெல்லாம் பட்டுக்கடைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவாள்; நடுவில் போன் வந்தால் முகூர்த்தத் தேதி கேட்டுக் காரை அனுப்புவாள். டிரைவர் மட்டும் நிலையாக யாரும் இல்லை. இருந்தவனை அவளே துரத்தியிருந்தாள்.

போன மாதம் சன்னதித் தெருவில், மாப்பிள்ளை மண்டபத்தை நெருங்கும் நேரத்தில், வண்டி இருமியது; திணறியது; கடைசியில் வேட்டு வைத்தது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றே போனது. தவில்காரர் கோலைக் கீழே போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, “அபசகுனம் புடிச்ச வண்டி!” என்று கத்தியதை அலமு மண்டப வாசலில் நின்று கேட்டாள். பையன்கள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக் இளங்கோவன் அவள் வீட்டுக் கொட்டகைக்கு வந்து பார்த்தான். நல்ல வேலைக்காரன். வாய் மட்டும் அவன் கைக்கு முன்னால் ஓடும்.

“இன்ஜினு குத்தம் இல்லக்கா. டிஸ்ட்ரிபியூட்டரு செத்துப்போச்சு. நாலு சிலிண்டருக்கும் யாருக்கு எப்ப தீ வைக்கணும்னு பாத்துப் பாத்துப் பிரிச்சுக் குடுக்கறது இதுதான். இதோட தண்டு தேஞ்சு ஆடுது. பந்தியில பரிமாறுறவன் குடிச்சுட்டு வந்தா எப்படி இருக்கும்? அப்படி.”

“மாத்திடு.”

“பழசுல நல்லது கெடைக்காது. இப்பல்லாம் எலக்ட்ரானிக்ல வருது. பாப்பாவக் கேளுங்க.”

துளசி ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவின் போனுக்கு முகம் காட்டினாள்.

“மூணு வகை இருக்குதும்மா. ஒண்ணு, பழைய மாதிரியே பாயிண்ட் வச்சது. ரெண்டாவது எலக்ட்ரானிக். இன்ஜின் எந்த வேகத்துல சுத்தும்போது எவ்ளோ முன்கூட்டி தீ வுழணும்னு கொஞ்சம் கணக்கு அவங்களே உள்ள போட்டு வச்சிருப்பாங்க. அதுல ஒண்ண ஸ்குரூ டிரைவரால திருப்பி வச்சுக்கணும். மூணாவது, நாமளே போன்ல கோடு வரைஞ்சு குடுக்கலாம். ரெண்டு கோடுகூட போட்டு வச்சுக்கலாம். போன்லயே மாத்திக்கலாம்.”

“கோடா? காருக்குக் கோலமா போடப் போறோம்?”

“ஏம்மா!”

இளங்கோவன் போனுக்குள் தலையை நீட்டினான். “பாப்பா, இந்த வண்டி ஆயுசுக்கும் தவிலுக்குப் பின்னாடி நடந்துக்கினே இருக்குது. ரேசுக்கா வுடப் போறோம்? ரெண்டாவது போதும்.”

“நடக்கற வண்டிக்கு முதலாவதே போதும்,” என்றாள் அலமு.

“அத வாங்கறதுக்கு ரெண்டு மாட்டைக் கட்டி இஸ்துக்கினு போலாம்க்கா.”

முடிவாகவில்லை. எதுவானாலும் சீக்கிரம் வாங்கியாக வேண்டும் என்பது மட்டும் முடிவாயிற்று. ஏனென்றால் அன்று சாயங்காலமே தாம்பூலத் தட்டோடு எல்லம்மாள் வந்து நின்றாள்.

எல்லம்மாள் ஒருகாலத்தில் இதே காருக்கு முன்னால் டியூப்லைட் சுமந்து நடந்தவள். இப்போது சொந்தமாக லைட் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறாள். அவள் மகன் தனுஷுக்குக் கல்யாணம். அவள் தெருவுக்கு மாப்பிள்ளை கார் அனுப்ப ஊரில் பலரும் யோசித்த நாளிலேயே, யோசிக்காமல் அனுப்பியவர் கைலாசம். அதனால் வேறு காரை அவள் நினைக்கவே இல்லை.

“கார் குடுங்கம்மா. ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்குது. மாப்பிள்ளைய மண்டபத்துக்குக் கொண்டாந்து சேக்கறது தாய்மாமன். எங்கண்ணன்தான் ஓட்டணும்.”

அவளுடைய அண்ணன்தான் ராமராஜன்.

அலமுவின் முகம் கல்லாயிற்று. “கார் வரும். உங்கண்ணன் கை ஸ்டியரிங் மேல படக்கூடாது.”

“அவன் இன்னாம்மா தப்பு பண்ணான்?”

“இன்னா தப்பா? தாமல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆமையாட்டம் ஓட்டிக்கினு வந்தானே, அது தப்பு இல்லியா? ஆமைகூட முன்னாடி சேந்திருக்கும்.”

எல்லம்மாள் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றிலையைக் கைலாசத்தின் படத்துக்குக் கீழே வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும்மா. மனசு மாறுனா எடுத்துக்குங்க. வாடிப்போனா தூக்கிப் போட்டுடுங்க.”

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். தாமல் கிராமத்தில் கைலாசத்தின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஊர்வலம் முடிந்து, காலையில் ஏரிக்கரை மேல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. கார் கண்ணெதிரே நின்றது. ராமராஜன் அவரை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக் கிளம்பிவிட்டான். பின்னால் பைக்கில் கிளம்பிய உறவுக்காரப் பையன்கள் வழியிலேயே காரை முந்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து காத்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஓடிவந்த அலமுவும் அங்கே அவர்களோடு நின்றாள். கார் வரவில்லை. வந்தபோது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கைலாசத்தின் தலை ராமராஜன் தோளில் இருந்தது. “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா,” என்று டாக்டர் பாதி வாக்கியம் சொன்னார். மீதியை அலமுவே நாள்தோறும் சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “நீதான்டா கொன்ன! கடைசியா எதனா சொன்னாரா? அதையாவது சொல்லு!”

“ஒண்ணும் சொல்லலம்மா,” என்றான் ராமராஜன். அதுவரை அவளை ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவான். அன்றிலிருந்து ‘அம்மா’.

அதற்குப் பிறகு கார் ஸ்டாண்டில் அவனுக்கு ‘ஆமை’ என்று பெயர் விழுந்தது. கல்யாண வண்டிக்கு யாரும் கூப்பிடவில்லை. செவிலிமேட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். மெதுவாகத்தானே ஓட்டுவான், பிள்ளைகளுக்கு நல்லது என்று சிரித்துக்கொண்டே கொடுத்த வேலை.

துளசி போனில் பிடித்த கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர் சில விவரங்கள் கேட்டார். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது, தண்டு எவ்வளவு நீளம், இன்ஜின் வேகம் கூடும்போது இப்போது தீ எவ்வளவு முன்னால் விழுகிறது. அதைப் பார்த்துச் சொன்னால்தான் சரியானதை அனுப்ப முடியும் என்றார்.

மறுநாள் இளங்கோவன் வந்து, ஆடுகிற தண்டைத் தற்காலிகமாகச் சரிக்கட்டி இன்ஜினைக் கிளப்பினான். கையில் மின்னி மின்னி எரியும் விளக்கு. முன்பக்கம் சுற்றும் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி வைத்திருந்தான். விளக்கை அதன்மேல் அடித்தால், சுற்றுகிற குறி நின்றது போலத் தெரியும். வேகத்தைக் கூட்டினால் அந்தக் குறி மெல்ல நகர வேண்டும். எவ்வளவு நகர்கிறதோ, தீ அவ்வளவு முன்னால் விழுகிறது என்று கணக்கு.

“மிதிங்கக்கா,” என்றான். அலமு ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் முக்கியது. “இன்னும்.” இன்னும் மிதித்தாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

“நிறுத்துங்க.” தலையைச் சொறிந்தான். “அடப்பாவி. குறி நகரவே மாட்டேங்குது.”

“அப்படின்னா?”

“தீ முன்னாடி வரவே இல்ல. இருந்த எடத்துலயே நிக்குது. இருங்க, கழட்டிப் பாக்கறன்.”

மூடியைக் கழற்றினான். பாயிண்டைக் கழற்றினான். இவ்வளவு நாள் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் அதோடு நிறுத்திக்கொண்டவர்கள். இளங்கோவன் அதற்கும் கீழே இருந்த தட்டையும் தூக்கினான். அடியில் இரண்டு சின்ன இரும்புக் கட்டிகள் இருக்கும். தண்டு வேகமாகச் சுற்றினால், சுற்றி ஆடும் பிள்ளையின் பாவாடை விரிவது போல அவை விரிந்து தீயை முன்னால் தள்ளும். மெதுவானால் இரண்டு ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

“எந்த மகராசன் பண்ண வேலை இது! அக்கா, இங்க வந்து பாருங்க. மாட்டுக்குக் கால் கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கான்.”

அலமு குனிந்து பார்த்தாள். இரண்டு கட்டிகளும் விரிய முடியாதபடி நூலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. எண்ணெய் ஊறிக் கறுத்த நூல். இளங்கோவன் பிளேடு நுனியால் அதை வெட்டினான். வெட்டுவாயில் உள்நிறம் தெரிந்தது.

அரக்கு.

முறுக்கிய பட்டு இழை. மூன்று சுற்று, அதற்குள் வால் நுழைத்து இழுத்த முடிச்சு. குஞ்சம் கட்டும் முடிச்சு. நாள்தோறும் அவள் விரல்கள் போடுகிற முடிச்சு. ஆனால் அவள் போட்டதல்ல. கடைசி இழுப்பு கோணலாக இருந்தது. அவளிடம் வேடிக்கையாகக் கற்றுக்கொண்டு கடைசிவரை அந்த இழுப்பு சரியாக வராத ஒருவர்தான் அப்படிப் போடுவார்.

அவளுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. மடியில் அரக்குப் புடவை. கைலாசம் கொட்டகையிலிருந்து எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தார். “அலமு, ஒரு இழை குடு.” “எதுக்கு?” “குடேன், ஒரு அவசரம்.” அவள் பல்லால் கடித்து அறுத்து நீட்டினாள். எதற்கென்று மறுபடி கேட்கக்கூட இல்லை.

இளங்கோவன் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். “இதோட வண்டி நாப்பது தாண்டாதுக்கா. மிதிச்சா முக்கும், சூடாயிடும், தண்ணி கொதிச்சுடும். யமனே வந்து ஓட்டுனாலும் இதுக்கு மேல...”

அப்போதுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். அவன் வாய் பாதியில் நின்றதை அலமு அன்றுதான் பார்த்தாள்.

அவள் அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.  கட்டியவர் அவர். கொடுத்தவள் அவள். ஓட்டியவன் மேல் பழி. எதிரே காரின் இரண்டு விளக்குகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.  இளங்கோவன் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் பழைய சாமான்களைத் துணியில் பொதிந்தான்.

எழுந்தபோது இழையை முந்தானையில் முடிந்துகொண்டு செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறினாள்.

ராமராஜன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குழாயை மூடினான். உட்காரச் சொல்ல இடம் தேடி, வேன் படியைத் துண்டால் துடைத்தான். அவள் உட்காரவில்லை. முந்தானையை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் இழையைப் பார்த்தான். அந்தப் படியில் அவனே உட்கார்ந்துகொண்டான்.

“எடுத்துட்டீங்களா,” என்றான்.

“உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கினேவா ஓட்டுன?”

“சாமி சத்தியமா தெரியாதும்மா. வெள்ளைகேட்டு வரைக்கும் எனக்கு ஒண்ணும் புரியல. மிதிக்கறன், மிதிக்கறன், வண்டி ஏற மாட்டேங்குது. லாரிக்காரன்லாம் ஆரன் அடிச்சுக்கினு போறான். நம்ம பசங்க பைக்ல தாண்டிப் போறானுங்க. வேற வண்டிய நிறுத்தி ஏத்தலாமாண்ணேன்னு கேட்டன். வாணாம், போய்க்கினே இருன்னாரு. நான் வண்டியத் திட்டுனன். வாயில வந்ததெல்லாம் திட்டுனன். அப்பதான் சொன்னாரு.”

“இன்னா சொன்னாரு?” 

ராமராஜன் துண்டை முறுக்கினான், பிரித்தான். “‘திட்டாதடா வண்டிய. நான் கட்டுன கட்டு அது’ன்னாரு. அந்தக் காலத்துல உள்ள இருந்த ஸ்பிரிங்கு செத்துப்போயி வண்டி திடீர் திடீர்னு துள்ளும்மா. பாப்பா ஒரு நாளு, முன்னாடி போறவங்களுக்குப் பயமா இருக்காதான்னு கேட்டுதே, அதுக்கு அடுத்த கல்யாணத்துலயே அப்படித் துள்ளி, எல்லம்மா குதிகால்ல பம்பரு இடிச்சுது. தலையில லைட்டு. வுழுந்திருந்தா அவ்ளோதான். என் கையிலதான் ஸ்டியரிங் இருந்துது. நான் நடுங்கிப்போய்ட்டன். அதுக்கப்பறம் வண்டி துள்ளவே இல்ல. அண்ணன் எங்கயோ ஸ்பிரிங்கு வாங்கிப் போட்டுட்டாருன்னு நெனச்சுக்கினன். நாப்பதுக்கு மேல ஓட்டாதன்னும் சொல்லி வச்சிருந்தாரு. ஊர்கோல வண்டிதானேன்னு நானும் வுட்டுட்டன்.”

“அப்பறம்?”

“‘அலமுகிட்ட இழை வாங்கித்தான் கட்டுனன். அது அவளுக்குத் தெரிய வாணாம். தாங்க மாட்டா’ன்னாரு. அவ்ளோதாம்மா. அப்பால பேசல.”

பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. வேனின் ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசி வார்த்தை இல்லை என்று இரண்டு வருடம் மருகியவளுக்குக் கடைசி வார்த்தை கிடைத்துவிட்டது. அதுவும் அவளைப் பற்றியே. அதை அவன் இத்தனை நாள் வயிற்றில் வைத்துக்கொண்டு, ஸ்டாண்டில் ‘ஆமை’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

“என்ன அப்படிப் பேச வச்சியேடா. அத்தினி பேரு முன்னாடி உன் சட்டையப் புடிச்சனே. ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்க கத்துனீங்க. கத்தறதுக்கு யாரோ ஒருத்தன் வேணும் இல்ல? நான் இல்லன்னா உங்க மேலயே கத்திக்கினு இருந்திருப்பீங்க.” பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்: “என் தங்கச்சி காலுக்காகக் கட்டுன கட்டும்மா அது. அதுக்கு நான் இதுகூட செய்யலன்னா எப்படி?”

அலமுவுக்கு அவன் காலில் விழவேண்டும் போலிருந்தது. குனிந்தவளை அவன் பதறிப்போய்த் தடுத்தான். “ஐயோ, இன்னாம்மா இது! போங்க, போங்க, வூட்டுக்குப் போங்க.”

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கார் ஸ்டாண்டில் இறங்கினாள். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “எல்லாரும் கேட்டுக்குங்கப்பா,” என்றாள். “ராமராஜன் ஆமை இல்ல. வண்டியாலதான் ஓட முடியல. எங்க வூட்டுக்காரரு, முன்னாடி நடக்கறவங்க மேல இடிக்கக்கூடாதுன்னு கட்டுன கட்டு உள்ள இருந்துது. நான் குடுத்த இழை. அது தெரியாம அவன் மேல பழி போட்டன். தப்பு என் நாக்குது.”

 டீயை வாய்க்குக் கொண்டுபோன கைகள் அப்படியே நின்றன. எப்போதும் முதலில் கேலி பேசுகிற தேவேந்திரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். “நாங்கதான்மா நல்லாப் பேரு வச்சோம்,” என்றான். 

வீட்டில் வெற்றிலை ஓரம் சுருங்கியிருந்தது. முழுதும் வாடவில்லை. அலமு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லம்மாளுக்குப் போன் செய்து, “உங்கண்ணனே ஓட்டட்டும்,” என்றாள். 

பிறகு துளசியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மகள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“பாப்பா, அந்த மூணாவதையே வாங்கிடு. ரெண்டு கோடு போடலாம்னியே.”

“ஆமாம்மா.”

“ஒண்ணு நடக்கறதுக்கு. துள்ளக் கூடாது. முன்னாடி போறவங்க மேல மூச்சுகூட படக் கூடாது. இன்னொண்ணு ஓடறதுக்கு. எவ்ளோ ஓட முடியுமோ அவ்ளோ.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். “நீ சின்னதுல அப்பாகிட்ட ஒண்ணு கேட்டியே, காருக்கு முன்னாடி நடக்கறவங்களப் பத்தி. நெனப்பு இருக்குதா?”

“இல்லியேம்மா. இன்னா கேட்டன்?”

அலமு சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் விட்டாள். ஆறு வயதுப் பிள்ளை இரக்கத்தில் கேட்ட கேள்வி அது. அதன் எடையை இப்போது அவள் தலையில் எதற்கு வைப்பது? மற்ற எல்லாவற்றையும் ஊரறியச் சொன்னவள், அந்த ஒன்றை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டாள். ராமராஜன் வாயைத் திறக்காமல் இருந்தது எப்படி என்று அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது.

“ஒண்ணும் இல்ல கண்ணு. நல்லாதான் கேட்ட.”

புது டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது. துளசி விடுமுறை நாளில் வந்து, இளங்கோவன் விளக்கைப் பிடிக்க, போனில் விரலால் இரண்டு கோடு இழுத்தாள். ஒன்று படுத்த மாதிரி. இன்னொன்று மேட்டில் ஏறுகிற மாதிரி. “கோலமேதாங்க்கா,” என்றான் இளங்கோவன். அலமு சிரித்தாள். சிரிப்பு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தனுஷின் மாப்பிள்ளை அழைப்பு குறையில்லாமல் நடந்தது. ராமராஜன் புது வேட்டி கட்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வண்டி பூனை போல நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா எல்லம்மாள் சீர்த்தட்டோடு காருக்கு நேர் முன்னால் நடந்தாள். தெரு முழுவதும் ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அலமு ஓரமாக நடந்தபடி அவளுடைய குதிகால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். துளசி கேட்ட கேள்விக்குக் கைலாசம் அன்று சொன்ன ‘நம்ம மேல நம்பிக்கை’ என்ற பதில் சரிதான் என்று தோன்றியது.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், ஒரு விடியற்காலையில், “தாமல் வரைக்கும் போய்ட்டு வரலாமா?” என்று ராமராஜனைக் கேட்டாள். ஏனென்று அவன் கேட்கவில்லை.

ஏரி நிறையத் தண்ணீர். கரைமேல், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அவன் காரைத் திருப்பி நிறுத்தினான். அலமு இறங்கி ஏரியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பின்சீட்டுக்குப் போகாமல் முன்சீட்டில் ஏறினாள், அவர் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில். முந்தானையில் அந்த இழை இருந்தது.

“மாத்து,” என்றாள்.

ராமராஜன் போனை எடுத்து இரண்டாவது கோட்டைத் தொட்டான்.  பிறகு கியரைப் போட்டான்.

அந்த வண்டி அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. பெரிய சாலையில் ஏறியதும் அது நீட்டிப் பாய்ந்தது. திணறவில்லை, கொதிக்கவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. லாரிகள் பின்னால் போயின. ராமராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். பக்கத்தில் உயிருக்குப் போராடும் ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. வெள்ளைகேட் வந்தது. அங்கே அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. வெள்ளைகேட் பின்னால் போயிற்று. ஊருக்குள் தெருக்கள் இன்னும் விழிக்கவில்லை. வளைவு, இன்னொரு வளைவு, ஆஸ்பத்திரி வாசல்.

கார் நின்றது. வாசலில் யாரும் இல்லை. காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. யாரும் வந்து யார் நோயாளி என்று கேட்கவில்லை.

ராமராஜன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அலமு அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

“கொண்டாந்து சேத்துட்டப்பா,” என்றாள்.

“சேத்துட்டன் அண்ணி,” என்றான்.